நீருக்குள் நிற்கும் கால்கள்: புதுச்சேரிக் கப்பல் பாலங்களின் கதை

"பனமலைக்காரனுக்கும் கப்பல் துறைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்தான். எங்கள் ஊரில் மலை இருக்கிறது. மலையடியில் ஏரி இருக்கிறது. மலைமேல், ராஜசிம்மன் என்று பெயர்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. குடைநிழலில் நிற்கும் உமையின் ஓவியத்தைப் பார்க்க அங்கே வெளியூர்க்காரர்கள் வந்துபோகிறார்கள். கடல் மட்டும் கிடையாது.

ஆனால் அதே ராஜசிம்மன்தான் மாமல்லபுரத்தில் அலை தெறிக்கும் இடத்தில் கடற்கரைக் கோயிலையும் கட்டினான். அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள்: சிற்பங்களின் மூக்கும் முழியும் உப்புக்காற்றில் மழுங்கிக் கிடக்கும். கல்லுக்கே அந்தக் கதி என்றால் இரும்புக்கும் காங்கிரீட்டுக்கும் கேட்க வேண்டியதில்லை. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு நான் பிழைக்கப் போன தொழில் அதுதான். கிழக்குக் கரைத் துறைமுகங்களில், கப்பல் மேடைகளின் நீருக்கடியில் உள்ள கால்களைப் பழுதுபார்க்கும் வேலை. அந்தத் தகுதியில், எங்கள் வட்டாரத்துக்கு நெருங்கிய துறைமுகமான புதுச்சேரியின் இரண்டு பாலங்களைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

செஞ்சிக் கல்லும் மல்லாட்டையும்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது. செஞ்சிப் பக்கத்திலிருந்து யாராவது சுற்றுலா போனால் அந்தத் தூணைத் தட்டிப் பார்த்து, "இது எங்க ஊர்க் கல்லு" என்று சொல்லாமல் திரும்புவதில்லை. சொல்வது உண்மைதான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது. செஞ்சித் தூண்கள் புதுச்சேரிக்குப் போனது அந்தத் தொடர்பில்தான்.

அந்தத் தூண்களுக்கு எதிரே கடலைப் பார்த்தால், நீர் வடிந்திருக்கும் நேரத்தில் இரும்புக் கால்களின் முண்டங்கள் தலைகாட்டும். அவைதாம் பழைய கப்பல் பாலத்தின் மிச்சம்.

பாலம் வருவதற்கு முன் புதுச்சேரிக்குச் சரக்கு இறக்கும் மேடை கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் நங்கூரமிடும். சரக்கையும் ஆளையும் சலங்கு எனப்படும் படகில் ஏற்றி, நுரைத்து உடையும் அலைகளைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குச் சலங்கு புதிய சொல் அல்ல. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். காற்று ஓங்கினால் அதுவும் போகாது. கப்பலில் வந்த சரக்கு கண்ணுக்கெட்டிய தூரத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும்.

இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட 1866-இல் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்குள் சுமார் 250 மீட்டர் நீட்டி நின்றது. கப்பல் அப்போதும் வெளியேதான் நின்றது என்றாலும் படகு அலையோடு மல்லுக்கட்டாமல் பாலத்தின் முனையிலேயே சரக்கை ஏற்றி இறக்க முடிந்தது. 1879-இல் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நம் வட்டாரத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் நேரடி உறவு ஏற்பட்டது. காரணம் மல்லாட்டை.

மணிலாக்கொட்டை என்ற பெயர் நம் ஊர் வாயில் மல்லாட்டை ஆயிற்று. தென்னார்க்காட்டுச் செம்மண் கொல்லையில் விளைந்த அந்தப் பயிரைப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகள் வாங்கின. அங்கே அது எண்ணெயாகிச் சோப்புக்குப் போனது. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மூட்டைகள் வண்டியிலும் ரயிலிலும் புதுச்சேரிக்குப் போய்க் கப்பலேறின. மழை பார்த்து விதைத்த நம் பாட்டன் பூட்டன்மார் கடலையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் விளைச்சலின் விலையில் அந்த இரும்புக் கால்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

இரும்புக் காலின் ஆயுள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி இரும்புப் பாலங்களின் காலம். சென்னையில் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் 1861-இல் வந்தது. மணலிலும் சேற்றிலும் காலை எப்படி ஊன்றுவது என்பதுதான் அன்று பொறியாளர்களுக்கு இருந்த பெரிய தலைவலி. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த அலெக்சாண்டர் மிட்செல் அதற்கு ஒரு வழி கண்டார். இரும்புத் தூணின் அடியில் அகன்ற திருகு மறை வைத்து, கடலடி மண்ணில் திருகி இறக்குவது அவர் முறை. 1833-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கண்பார்வை இழந்தவர். கடலடியில் ஊன்றும் காலைக் கையால் தடவிப் பார்த்தே சரிபார்ப்பாராம். கலங்கிய நீரில் மூழ்கும் எங்கள் டைவர்களும் இன்றுவரை அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

புதுச்சேரிப் பாலம் திறந்த அதே 1866-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மேற்குப் பாலம் என்ற உல்லாசப் பாலமும் திறக்கப்பட்டது. அதை 1975-இல் மூடிவிட்டார்கள். 2002-இல் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டு தீப்பிடித்தது. இன்று கடலுக்குள் அதன் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. புதுச்சேரிப் பாலம் அவ்வளவு காலமும் தாங்கவில்லை. 1952-ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது.

புயலில் விழுந்தது என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எளிது. 86 ஆண்டுகளில் அந்தப் பாலம் எத்தனையோ புயலைப் பார்த்திருக்கும். எந்தப் பாலமும் புதிதாக இருக்கும்போது தாங்குகிற அலையை, காலின் தடிமன் பாதியாகத் தேய்ந்தபின் தாங்காது. கடைசி அடி புயல் கொடுப்பது. அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் உப்பு.

கடல் எங்கே கடிக்கும்?

கடலில் நிற்கும் ஒரு தூணை மேலிருந்து கீழாக ஐந்து பகுதிகளாகப் பார்க்க வேண்டும். மேலே காற்று படும் பகுதி. அதற்கடுத்து அலை தெறிக்கும் பகுதி. பின்னர் ஓதம் ஏறி இறங்கும் பகுதி. அதன்கீழ் எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி. கடைசியாக மண்ணுக்குள் புதைந்த பகுதி. ஆழத்தில்தான் அரிப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. துருப்பிடிக்க இரும்புக்கு நீர் வேண்டும், உப்பு வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். மூன்றும் தாராளமாகக் கிடைப்பது அலை தெறிக்கும் இடத்தில். நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் அங்கே உப்பு சேர்ந்துகொண்டே போகும். புதுச்சேரிக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் கடல் ஆண்டு முழுவதும் தூணின் அதே ஒரு முழ இடத்தையே கடிக்கிறது.

காங்கிரீட் தூணுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே உள்ளே போய்ப் படலத்தை உடைத்துவிடும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காத காங்கிரீட் வெடிக்கும். முதலில் தூணின் நீளவாக்கில் மயிரிழை விரிசல், அடுத்துக் காவிக் கறை, பிறகு பெயர்ந்து விழும் சில்லு. வீட்டு மொட்டைமாடியின் அடியில் கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான், கடலில் வேகம் கூடுதல்.

நம் நாட்டுக் காங்கிரீட் தரக்குறிப்பான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓதம் ஏறி இறங்கும் பகுதியை 'மிகக் கடுமையான' இடங்களிலும் மேலான கடைசி வகையில் வைத்திருக்கிறது. அங்கே குறைந்தது எம்40 தரக் காங்கிரீட் வேண்டும். கம்பிக்கு மேல் 75 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்கிறது. 1960-களில் கட்டிய மேடைகளுக்கு இந்த விதி கிடையாது. அந்தக் காலத்துத் தூண்களை உடைத்துப் பார்க்கும்போது இரண்டு விரல் தடிமனில் கம்பி எட்டிப்பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது பாலம்

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. பழைய பாலம் போன இடத்தை நிரப்ப, அதற்குத் தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கத்தில் புதிய பாலம் காங்கிரீட்டில் எழுந்து, 1960-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. முனையில் பாரந்தூக்கி, நடுவில் சரக்கு வண்டிகள், கீழே படகுகள் என்று சில காலம் சுறுசுறுப்பாக இருந்தது. பிறகு கப்பல்கள் பெரிதாயின. சரக்கு சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போயிற்று. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்களோடு 1980-களின் இறுதியில் புதிய துறைமுகம் உருவானது. கடலுக்குள் நீட்டிய பாலத்துக்கு வேலை குறைந்தது. சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்தார்கள், தூண்டில்காரர்கள் மீன்பிடித்தார்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது நம் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தப் பாலம் நின்றது. ஆனால் 2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று கிளப்பிய அலையில் அதன் நடுப்பகுதி இடிந்து கடலில் விழுந்தது. வந்தது தானே போன்ற பெரும்புயலும் அல்ல. பத்து ஆண்டுக்கு முன் தானேயைத் தாங்கிய கால்கள் அன்று சாதாரணக் கொந்தளிப்புக்கு மடங்கின. சரக்கு நின்றால் வருமானம் நிற்கும். வருமானம் நின்ற கட்டடத்துக்குப் பராமரிப்பும் மெலியும். இது உலகெங்கும் உள்ள வழக்கம். அலைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கையை விட்டால் உள்ளே போகிறது

நீருக்கடிக் கால்களை எப்படிப் பழுதுபார்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். இடம் கிழக்குக் கரையில் ஒரு ஜெட்டி. பெயர் வேண்டாம்.

தை முடிந்து கடல் அமைதியான நேரம். வடகிழக்குப் பருவத்தில் எங்கள் தொழிலே நடக்காது. மாசி, பங்குனிதான் அறுவடைக் காலம். மூழ்கியவர் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்த குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். முதல் நாள் காலையில் மேலே வந்து முகமூடியைக் கழற்றிவிட்டு, "அஞ்சாம் வரிசை, மூணாவது பைலு. கைய விட்டா உள்ள போவுது சார்" என்றார்.

"எவ்வளவுண்ணே?"

முழங்கைக்குக் கொஞ்சம் கீழே தொட்டுக் காட்டினார்.

அந்தப் பைலை, அதாவது கடலடியில் இறக்கிய அந்தத் தூணை, நான்கு ஆண்டுக்கு முன்தான் ஓர் ஒப்பந்தக்காரர் பழுதுபார்த்ததாகக் கோப்பில் இருந்தது. என்ன செய்திருக்கிறார்கள் என்றால், துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே சிமென்ட் கலவையை அப்பியிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்த அதிகாரிகளுக்குப் புதுத்தூண் மாதிரி தெரிந்திருக்கும். இரண்டு மழைக்காலத்தில் அப்பியது பொக்காகிக் கழன்றுவிட்டது. பழுதுபார்த்தாயிற்று என்ற நிம்மதியில் இடையில் யாரும் மூழ்கிப் பார்க்கவில்லை. அப்பாமலே விட்டிருந்தால்கூடக் காவிக் கறையைப் பார்த்து எவராவது கவலைப்பட்டிருப்பார்.

முறையான வேலை சோதனையில் தொடங்கும். முதல் சுற்றில் டைவர் எல்லாக் கால்களையும் கண்ணாலும் கையாலும் பார்ப்பார். அடுத்து, குறிப்பிட்ட சில கால்களில் ஒட்டிக்கிடக்கும் சிப்பி, கொட்டலசு, பாசி எல்லாவற்றையும் ஒரு பட்டையளவுக்குச் சுரண்டிவிட்டுப் பார்ப்பார். மூன்றாவதாகக் கருவி வைத்துத் தடிமன் அளப்பது, துளையிட்டு மாதிரி எடுப்பது. சுத்தியலால் தட்டிக் கேட்பதும் உண்டு. கெட்டியான காங்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். பொக்கு விழுந்தது தேங்காய் மூடி மாதிரி மந்தமாக ஒலிக்கும். நீருக்குள் அந்த வித்தியாசம் காதைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும் என்பார் அண்ணன்.

பிறகு அழுகியதை எல்லாம் உடைத்தெடுக்க வேண்டும். உயர் அழுத்த நீர்ப் பீச்சால் கம்பியைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். அதிகம் தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்ட வேண்டும். அதன்பின் ஜாக்கெட். இரண்டு அரை வட்ட ஃபைபர் கிளாஸ் ஓடுகளைத் தூணைச் சுற்றி வைத்து போல்ட் முடுக்குவார்கள். தூணுக்கும் ஓட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். அடியில் கசியாமல் அடைப்பு. இப்போது உள்ளே நிற்பது கடல்நீர். அதை இறைக்கத் தேவையில்லை. ஜாக்கெட்டின் அடிப்பக்கத் துளையில் குழாயை மாட்டி, நீரில் கரைந்துபோகாத பதத்தில் கலந்த கிரவுட் என்னும் சிமென்ட் கலவையைக் கீழிருந்து மேலாக ஏற்றுவார்கள். கனத்த கலவை அடியில் தங்கி உயர உயர, நீர் மேல்விளிம்பு வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலேயிருந்து கொட்டினால் சிமென்ட் நீரில் கலைந்து, அடியில் வெறும் ஜல்லிதான் சேரும். வாளிக்குள் நீர் இருக்கும்போது மாவை மேலிருந்து தூவினால் என்ன ஆகும் என்று வீட்டில் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அன்று மூன்றாவது பைலில் கிரவுட் ஏறிக்கொண்டிருந்தபோது மேலே எல்லோரும் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் தெளிந்த நீர் வழிந்தது. அப்புறம் பால் மாதிரி. அப்புறம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக, இட்லி மாவு வழிவதுபோல் வழிந்தது. "போதும், நிறுத்து" என்று மேஸ்திரி கையைத் தூக்கினார். அவ்வளவுதான் விழா. ரிப்பன் கிடையாது, கல்வெட்டு கிடையாது. மறுநாள் அடுத்த பைல்.

ஒட்டுக்குப் பக்கத்தில் வரும் நோய்

இந்தத் தொழிலில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அரித்த பகுதியை மட்டும் நன்றாக ஒட்டுப்போட்டால், ஒட்டு நன்றாக இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டிப் பழைய காங்கிரீட்டில் உள்ள கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பியும் பழைய, உப்பேறிய பகுதியின் கம்பியும் ஒரே இரும்புதான். ஆனால் அவை மின்கலத்தின் இரண்டு முனைகள் மாதிரி நடந்துகொள்ளும். இதைத் தடுக்கத்தான் ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிவைக்கிறோம். இரும்புக்கு முன் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் கரையும்.

இந்த யோசனைக்கு வயது இருநூறு. 1824-இல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் அடித்த செம்புத் தகட்டை இரும்பு, துத்தநாகத் துண்டுகளால் காப்பாற்றிக் காட்டினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சுதான் அதுவரை கொட்டலசை ஒட்டவிடாமல் வைத்திருந்தது. காப்பாற்றப்பட்ட தகட்டில் பாசியும் சிப்பியும் குடியேறி, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. கடலில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கேட்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் இந்த அறிவுக்கு வீடு காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதன் மண்டபம் நிலையத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து எவ்வளவு தேய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள்.

பாம்பன் சொல்லும் பாடம்

1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை 1964 டிசம்பர் புயல் தாக்கியது. 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. அதைச் சீர்செய்யும் பொறுப்பு இளம் பொறியாளரான இ. ஸ்ரீதரனிடம் வந்தது. மூன்று மாதக் கெடு விதித்தார்கள். அவர் 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். கடலில் விழுந்த உத்தரங்களையே தூக்கியெடுத்துத் திரும்ப வைத்தார்கள். அவருடைய திறமையை எல்லோரும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டும். தொழில்காரன் கண்ணுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: உத்தரத்தைத் திரும்ப வைப்பதற்குத் தூண்கள் நின்றிருந்தன. கால் உறுதியாக இருந்தால் மேலே போனது திரும்பி வரும். புதுச்சேரியில் இரண்டு முறையும் போனது கால்.

மெக்சிகோவின் புரோகிரெசோ நகரில் ஒரே கடலில் அருகருகே இரண்டு பாலங்கள் கட்டப்பட்டன. 1937-இல் தொடங்கி 1941-இல் முடிந்த பழைய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். 1960-களில் கட்டிய பக்கத்துப் பாலத்துக்குச் சாதாரணக் கம்பி. இளைய பாலம் கடலில் கரைந்து சில தூண் முண்டங்களாகிவிட்டது. மூத்தது பெரிய பழுது எதுவும் இல்லாமல் நிற்கிறது. கட்டும்போது செலவழித்தால் பிறகு மிச்சம். கட்டும்போது முடியாவிட்டால் ஆண்டுதோறும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் தப்பிய பாலத்தை நான் பார்த்ததில்லை.

ஏரிப்பட்டி

சின்ன வயதில் பனமலை ஏரியில் குளிக்கும்போது மதகுப் பக்கம் போகாதே என்று ஆயா கத்துவார். நீருக்கடியில் தூம்பின் வாய் இருக்கிறது, இழுத்துக்கொள்ளும் என்ற பயம். அந்தக் காலத்தில் மூழ்கி அடைப்பைத் திறந்துவிட ஓர் ஆள் இருந்ததாகவும், அவருக்கு ஊர் நெல் அளந்ததாகவும் சொல்வார். நீருக்குள் இருப்பதைக் கவனிக்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு வழி. இதை டிப்ளமோ வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம் முன்னோர் இதை எழுதியே வைத்தார்கள். ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். ஏரி ஆயம் என்று வரி வசூலித்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. குளம் வெட்டியவனுக்குப் புகழ் கிடைக்கும். தூர்வாருகிறவனுக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியை அவர்கள் வெட்டும் நாளிலேயே கேட்டு, பதிலும் எழுதிவிட்டார்கள். பிற்காலத்தில் குடிமராமத்து என்று ஊரே இறங்கி வேலை செய்ததும் அதே கணக்கில்தான்.

துறைமுகப் பாலங்களுக்கு அப்படி யாரும் ஏரிப்பட்டி வைக்கவில்லை. கட்டும் பணம் திட்டத்தில் வரும். திறப்பு விழா நடக்கும். காலைப் பார்க்கும் பணம் அந்தந்த ஆண்டு மிச்சத்தைப் பொறுத்தது. மிச்சம் எப்போது இருந்திருக்கிறது? என் அனுபவத்தில், நீருக்கடிச் சோதனைக்கு அனுமதி கேட்டால் முதலில் வரும் கேள்வி, "இப்போது பாலம் நன்றாகத்தானே நிற்கிறது?" என்பது. நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். விழுந்தபின் பார்க்க டைவர் எதற்கு, கரையிலிருந்தே தெரியும்.

இன்று தமிழ்நாட்டுக் கரையில் மீன்பிடி இறங்குதளங்களும் நிலக்கரி ஜெட்டிகளும் படகுத்துறைகளும் புதிது புதிதாக எழுகின்றன. நல்லதுதான். அவற்றைக் கட்டுகிறவர்களிடமும் பணம் ஒதுக்குகிறவர்களிடமும் இந்த மலர் வழியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திறப்பு விழாக் கல்வெட்டு வெட்டும் அன்றே, அதன் கால்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மூழ்கிப் பார்க்கும் செலவுக்கு ஒரு வரியைக் கணக்கில் எழுதிவையுங்கள். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வரி இருக்கட்டும். பழுதுபார்த்த காலையும் மறுபடி மூழ்கிப் பார்க்க அதில் இடம் இருக்கட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகும்போது செஞ்சித் தூணைத் தட்டிப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். அதற்கு நேர் எதிரே, நீர் வடியும் நேரத்தில், பழைய பாலத்தின் இரும்பு முண்டங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் மல்லாட்டை மூட்டைகள் அவற்றின் மேலேறித்தான் கப்பலுக்குப் போயின.